தையல் போட்டாயிற்று, இனி என்ன?

மளிகைக் கடையோ, தானிய மண்டியோ, எண்ணெய்க் கடையோ எதுவானாலும் கூரான பொருள்களோடு பழகாமல் நம் வியாபாரம் நடப்பதில்லை. வெல்லம் உடைக்கும் கத்தி, சாக்குத் தைக்கும் கோணி ஊசி, மூட்டையைக் குத்தி இழுக்கும் கொக்கி, மேல்தகட்டை வெட்டித் திறந்த எண்ணெய் டின்னின் விளிம்பு, அட்டைப்பெட்டியைச் சுற்றி வரும் பட்டை, எதிர்பாராமல் இறங்கும் ஷட்டர் என்று ஏதாவது ஒன்றினால் வெட்டுப்பட்டுத் தையல் போட்டுக் கொள்ளாதவர்கள் நம்மில் குறைவு.

டாக்டர் தையல் போடும் வேலை பெரும்பாலும் அரைமணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. காயம் ஒழுங்காக ஆறுமா, சீழ் பிடித்துப் புரை ஓடுமா என்பதைத் தீர்மானிப்பவை அதற்குப் பிறகு வரும் பத்துப் பதினைந்து நாட்கள். அந்த நாட்களில் காயம் டாக்டரின் பொறுப்பில் இல்லை, நம் பொறுப்பில் இருக்கிறது. இதில்தான் வணிகர்களுக்குச் சங்கடம். காலையில் தையல், மாலையில் கல்லா என்பது நம்மவர்களின் வழக்கம். கடையைப் பூட்டினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவாரே என்ற கவலை நியாயமானது. ஆனால் ஐந்து தையலோடு முடிய வேண்டிய காயம் விரலையே மடக்க முடியாமல் செய்துவிட்டால், அந்த நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது? கடை நடத்திக் கொண்டே காயத்தையும் காப்பாற்றும் வழிகளை இங்கே பார்க்கலாம்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. ஆழமான வெட்டு என்றால் துணியைச் சுற்றிக் கொண்டு, "இரவு கடை கட்டிய பிறகு டாக்டரைப் பார்க்கலாம்" என்று தள்ளிப் போடக் கூடாது. பட்ட ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் சுத்தம் செய்து தைக்கும் காயம் நன்றாகக் கூடும். நேரம் போகப் போக உள்ளே கிருமிகள் பெருகும். அந்த நிலையில் உடனே தைப்பது ஆபத்து என்று டாக்டரே சில நாள் திறந்து வைத்திருக்க நேரும்.

தையல் செய்வது என்ன?

சாக்கின் வாயைத் தைத்தால் அந்த நூல்தான் கடைசி வரை சரக்கைத் தாங்குகிறது. தோலில் போடும் தையல் அப்படிப்பட்டது அல்ல. வீடு கட்டும்போது கான்கிரீட்டுக்கு அடியில் சென்ட்ரிங் பலகை அடிக்கிறார்களே, அதைப் போன்றது. கான்கிரீட் இறுகும் வரை பலகை தாங்குகிறது. காயத்தின் இரண்டு ஓரங்களும் தாமாக ஒட்டும் வரை நூல் தாங்குகிறது. ஒட்ட வைப்பது நம் உடம்புதான்.

ஓரங்கள் சேர்த்துத் தைத்த காயத்தின் மேல்தோல் ஒன்றிரண்டு நாட்களிலேயே மூடிக்கொள்கிறது. அதனால் வெளிப்பார்வைக்குக் காயம் ஆறிவிட்டது போலத் தோன்றும். உள்ளே பலம் வருவது மிகவும் மெதுவாக. தையல் பிரிக்கும் நாளில் அந்த இடத்துக்கு இருக்கும் பலம் பழைய தோலின் பலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். மூன்று வாரத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு வரும். ஆறு வாரத்தில் பாதிக்குப் பக்கத்தில் வரும். மூன்று மாதம் சென்றால் நூற்றுக்கு எண்பது. அதற்கு மேல் எத்தனை வருடம் ஆனாலும் நூற்றுக்கு நூறு வருவதில்லை. தையல் பிரித்த மறுநாளே 26 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தூக்கித் தோளில் போட்ட மனிதருக்குக் காயம் ஏன் வாய் பிளந்தது என்பது இந்தக் கணக்கைப் பார்த்தாலே புரியும்.

எத்தனை நாளில் பிரிப்பது என்பது இடத்தைப் பொறுத்தது. முகத்தில் இரத்த ஓட்டம் அதிகம், ஐந்து நாளில் பிரித்துவிடுவார்கள். தலையில் ஏழு முதல் பத்து நாள், கையிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். விரல் கணு, முழங்கை, முழங்கால் போன்ற மடங்கும் இடங்களிலும், கால், உள்ளங்கை, உள்ளங்கால் ஆகியவற்றிலும் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். "பக்கத்துக் கடை அண்ணாச்சிக்கு அஞ்சு நாள்ல பிரிச்சாங்களே" என்று ஒப்பிட்டுக் கேட்பதில் பொருளில்லை. அவருக்குப் புருவத்தில் பட்டிருக்கும், உங்களுக்கு முழங்காலில் பட்டிருக்கும்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் சிலவற்றைக் கேட்டுத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொள்ளுங்கள். எத்தனை தையல், பிரிக்க வேண்டிய நூலா கரைந்துபோகும் நூலா, எந்தத் தேதியில் வரவேண்டும், கட்டை எப்போது மாற்றலாம், எப்போது தண்ணீர் படலாம் என்பவை முக்கியம். சரக்கு எடுக்கும்போது சிட்டையில் ஒன்று விடாமல் எழுதுகிற நாம் இதை மட்டும் நினைவில் வைத்துக் கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம்.

டெட்டனஸ் ஊசியைப் பற்றியும் அங்கேயே பேசிவிட வேண்டும். துருப்பிடித்த இரும்பு கீறினால்தான் அந்த நோய் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். துருவுக்கும் நோய்க்கும் நேரடித் தொடர்பு கிடையாது. அதன் கிருமி மண்ணிலும் சாணத்திலும் தெருப் புழுதியிலும் இருக்கிறது. தரையில் புரண்டு வந்த மூட்டையின் கோணி ஊசி பளபளவென்று இருந்தாலும் ஆபத்துதான். முன்பே முறையாகத் தடுப்பூசிகள் போட்டவர்களுக்குச் சுத்தமான சிறு காயம் என்றால், கடைசி ஊசி போட்டுப் பத்து ஆண்டு ஆகியிருந்தால் மறுபடி தேவை. அழுக்கான அல்லது ஆழமான காயம் என்றால் ஐந்து ஆண்டே கணக்கு. கடைசியாகப் போட்ட தேதியை வீட்டில் எங்காவது குறித்து வைத்திருந்தால், கீறல் படும்போதெல்லாம் ஊசி போட்டுக் கொள்ள வேண்டியதில்லை.

முதல் இரண்டு நாள்

முதல் 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம், கட்டு நனையக் கூடாது. குளிக்கும்போது கையில் பாலிதீன் உறையை மாட்டி வாயைக் கட்டிக் கொள்ளலாம். குளித்து முடித்ததும் உறையைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே வேர்வை கோத்துக் கொண்டால் நனைந்தது போலத்தான்.

கட்டில் கொஞ்சம் இரத்தக்கறை தெரிவதற்குப் பயப்பட வேண்டாம். இரத்தம் புதிதாகக் கசிந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து முழுதாகப் பதினைந்து நிமிடம் விடாமல் வைத்திருங்கள். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் உறைகிற இரத்தம் மறுபடி கலைந்துவிடும். அதன் பிறகும் நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டியதுதான். இதயத்துக்கும் மூளைக்கும் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தையல் போடும்போதே சொல்லிவிட வேண்டும். இரத்தம் கசிகிறதே என்று தாமாக அந்த மாத்திரையை நிறுத்துவது காயத்தைவிடப் பெரிய ஆபத்து.

கையில் காயம் என்றால் இதயத்தின் மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைப்பது வலிக்கு முதல் மருந்து. கையைத் தொங்கவிட்டால் இரத்தமும் நீரும் இறங்கி விரல் வீங்கும், விண் விண்ணென்று தெறிக்கும். இரவில் தலையணை மேல் கையை வைத்துக் கொள்ளுங்கள். கல்லாவில் உட்கார்ந்தாலும் மேசைமேல் இரண்டு துண்டை மடித்து அதன் மேல் உயரமாக வைக்கலாம். காலில் பட்டிருந்தால் ஒரு காலி டின்னைக் கவிழ்த்து, மேலே சாக்கை மடித்துப் போட்டுக் காலைத் தூக்கி வையுங்கள். ராசிக்கல் மோதிரம் அணிந்தவர்கள் விரலில் வெட்டுப்பட்ட உடனேயே அதைக் கழற்றிவிட வேண்டும். வீங்கிய பிறகு ஆசாரியை அழைத்து அறுக்க வேண்டி வரும், அதுவரை விரலுக்கு இரத்த ஓட்டம் தடைப்படும்.

வலிக்குப் பாராசிட்டமால் பெரும்பாலோருக்குப் போதுமானது. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கடையில் கேட்டு வேறு வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. டாக்டர் கிருமிக்கொல்லி மாத்திரை எழுதித் தந்திருந்தால் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும். எழுதித் தரவில்லை என்றால் நாமாக வாங்க வேண்டியதில்லை. சுத்தமாகக் கழுவித் தைத்த சாதாரணக் காயத்துக்கு அது எப்போதும் தேவைப்படுவதில்லை. மருந்துக்கடைக்காரரும் நம் சங்கத்து நண்பர்தான். நட்புக்காகச் சீட்டில்லாமல் கேட்டு அவரையும் சங்கடத்தில் வைக்க வேண்டாம்.

கழுவலாமா? எதைத் தடவலாம்?

"தையல் பிரிக்கிற வரைக்கும் தண்ணியே படக்கூடாது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். டாக்டர் குறிப்பாக அப்படிச் சொல்லியிருந்தால் ஒழிய இரண்டு நாளுக்குப் பிறகு மெதுவாகக் கழுவுவது நல்லதே. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், சாதாரணக் குளியல் சோப்பு இரண்டும் போதும். முதலில் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பிறகு தையலைத் தொட வேண்டும். தையல் மேல் காய்ந்து கட்டியிருக்கும் இரத்தப் பொருக்கை ஈரத் துணியால் ஒற்றி எடுக்கலாம், தேய்த்து உரிக்கக் கூடாது. பிறகு சுத்தமான துணியால் ஒற்றி உலர்த்தி, புதிய காஸ் துணி வைத்துக் கட்ட வேண்டும். பஞ்சை நேரடியாகக் காயத்தில் வைத்தால் இழைகள் ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது தொல்லை தரும்.

கழுவுவது வேறு, ஊற வைப்பது வேறு. குளம், கிணறு, ஆறு, கடல் எல்லாம் தையல் பிரித்துத் தோல் நன்றாக மூடும் வரை ஆகாது. கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டுக் கொள்ளும் நண்பர்கள் நம்மில் ஏராளம். காலில் தையலோடு வெறுங்காலில் கடைவீதியில் நடப்பதும் பம்பையில் இறங்குவதும் காயத்துக்குக் கேடு. குருசாமியிடம் நிலைமையைச் சொல்லிச் செருப்புக்கு அனுமதி கேட்பதில் விரதத்துக்குக் குறைவு எதுவும் வந்துவிடாது.

இனி, தடவுகிற விஷயம். காயம் என்றதும் நம் கை தானாக மஞ்சள் தூள் டப்பாவுக்குப் போகிறது. காப்பித்தூள், சுண்ணாம்பு, நல்லெண்ணெய் என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வழக்கம் உண்டு. மஞ்சளின் பெருமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மூட்டையிலிருந்து மில்லுக்குப் போய், அரைத்துச் சலித்து, பல கை மாறி வந்த தூள் சமையலுக்கு உரியது. அது கொதித்து வேகிறது. தையலுக்குள் அப்படியே அப்பினால் அதிலுள்ள தூசியும் கிருமியும் உள்ளே போகும். கலப்படக்காரர்கள் நிறத்துக்காகச் சேர்க்கிற ஈயக் குரோமேட் போன்ற சாயம் இருந்தால் இன்னும் மோசம். அதுமட்டுமல்ல, மஞ்சள் பூசிய தோலில் சிவப்பு பரவுகிறதா என்று டாக்டரால் கண்டுபிடிக்க முடியாது.

டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவற்றைத் தையல் மேல் ஊற்றுவதும் வேண்டாம். எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்பது பழைய எண்ணம். கிருமியை எரிக்கிற மருந்து புதிதாக வளரும் மெல்லிய செல்களையும் எரித்துவிடும். பவுடர் தூவுவதும் தேவையில்லை. பொருக்காகக் கட்டிக் கொண்டு அடியில் சீழ் இருப்பதையே மறைத்துவிடும். டாக்டர் களிம்பு தந்திருந்தால் அதை மெல்லியதாகத் தடவுங்கள். தரவில்லை என்றால் புதிதாக வாங்கிய வெள்ளை வாசலினை ஒரு மெல்லிய பூச்சாகப் பூசினாலே தோல் காய்ந்து வெடிக்காமல் இருக்கும்.

காயத்தைத் திறந்து போட்டுக் காற்றாட விட்டால் சீக்கிரம் ஆறும் என்ற நம்பிக்கையும் சரியல்ல. 1962-ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் பன்றிகளின் தோலில் சோதித்து, மூடி லேசான ஈரப்பதத்தில் வைத்த காயம் காய்ந்து பொருக்குத் தட்டிய காயத்தைவிட வேகமாகத் தோல் மூடுகிறது என்று காட்டினார். வீட்டில் சுத்தமான இடத்தில் ஓய்வாக இருப்பவர் இரண்டு மூன்று நாளுக்குப் பிறகு கட்டில்லாமல் இருக்கலாம். கடையில் இருப்பவருக்கு அது பொருந்தாது.

கடைக்குத் திரும்பும்போது

நம் கடையில் பறக்கும் தூசியை நாம் கவனிப்பதில்லை, பழகிவிட்டது. பருப்புத் தூசி, தவிட்டுத் தூசி, மிளகாய் வற்றல் மூட்டையைப் பிரித்தால் எழும் நெடி, சீரகத்தோடு வரும் மண் எல்லாம் கட்டுக்குள் புகும். ஆகவே கடையில் இருக்கும் நேரம் முழுவதும் கட்டு மூடியே இருக்க வேண்டும். மாலையில் வீட்டுக்குப் போனதும் அதை எடுத்துவிட்டுக் கழுவிப் புதுக்கட்டுப் போடுங்கள். நடுவில் நனைந்தாலோ எண்ணெய், வெல்லப்பாகு பட்டாலோ மாலை வரை காத்திருக்காமல் உடனே மாற்ற வேண்டும். இதற்காகக் கல்லா மேசையில் நாலைந்து காஸ் துண்டும் ஒரு ஒட்டுப்பட்டையும் உறைக்குள் போட்டு வைத்திருப்பது சுலபம். சரக்கு நிறுக்க வேண்டியிருந்தால் மேலே ஒரு கையுறை மாட்டிக் கொள்ளலாம், ஆனால் நாள் முழுவதும் மாட்டிக் கொண்டிருந்தால் வேர்வையில் தோல் வெளுத்து ஊறிவிடும்.

நோட்டு எண்ணும்போது விரலை நாக்கில் தொட்டு எண்ணும் பழக்கம் நம்மில் பலருக்குப் பரம்பரையாக வந்தது. நூறு கை மாறிய நோட்டிலிருந்து கிருமி வாய்க்குப் போகிறது, வாயின் கிருமி விரல் காயத்துக்கு வருகிறது. வாயில் உள்ள கிருமிகள் கைக் காயத்துக்கு மிகவும் பொல்லாதவை. ஈரப் பஞ்சுக் கிண்ணம் ஒன்றை வாங்கி வைத்துக் கொண்டு, காயமில்லாத கையால் எண்ணுங்கள்.

குடோனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எலி இல்லாத தானியக் குடோன் ஏது? எலியின் சிறுநீரில் இருக்கும் ஒரு கிருமி ஈரத் தரையிலும் தேங்கிய நீரிலும் உயிரோடு இருந்து, தோலில் உள்ள வெட்டுக்காயம் வழியாக உடம்புக்குள் புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்கும். ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடிய காய்ச்சல் அது. ஐப்பசி மழையில் தண்ணீர் புகுந்த குடோனில் மூட்டைகளை மேடேற்ற வேண்டிய அவசரம் வரும்போது, கை காலில் தையல் உள்ளவர் அந்த வேலைக்குப் போகவே கூடாது. சரக்கு நனைந்தால் நஷ்டம்தான், ஆனால் அதற்கு வேறு கை கிடைக்கும்.

மூட்டை தூக்குவது, இழுப்பது, ஷட்டரைத் தூக்குவது ஆகிய மூன்றையும் தையல் இருக்கும் வரை விட்டுவிட வேண்டும். ஷட்டரைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறோம். கைக்கு மிகவும் இழுப்பு கொடுப்பது அதுதான். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் இந்த இரண்டு வாரமாவது விட்டுப் பார்க்கலாம். புகையிலையின் நிக்கோடின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கி, காயத்துக்கு வரவேண்டிய இரத்தத்தைக் குறைத்துவிடுகிறது.

பத்தியம் என்ற பெயரில் பட்டினி

தையல் போட்ட வீட்டில் முதலில் நிற்பது பருப்பு. "பருப்புச் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும்" என்பார்கள். அடுத்து முட்டை, மீன், கத்திரிக்காய், தயிர் என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் இரசம் சோறும் ரொட்டியும் மட்டும் மிஞ்சும். துவரம்பருப்பை மூட்டை மூட்டையாக விற்கிற நாமே இதை நம்பலாமா? சீழ் என்பது கிருமியோடு போராடி மடிந்த வெள்ளணுக்கள். அது சாம்பாரிலிருந்து வருவதில்லை. புதிய தசை வளர உடம்புக்குப் புரதம் வேண்டும். நூறு கிராம் துவரம்பருப்பில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் இருக்கிறது, ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம். சைவமோ அசைவமோ அவரவர் வழக்கப்படி பருப்பு, பயறு, கொண்டைக்கடலை, பால், முட்டை, மீன் எல்லாம் சாப்பிடலாம். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி இல்லாமல் தோலின் இழைகள் உறுதியாகப் பின்னப்படுவதில்லை. ஒரு பொருள் தனக்கு முன்பே ஒவ்வாமை தந்திருக்கிறது என்று தெரிந்தவர் அதை மட்டும் விலக்கினால் போதும். சிறுநீரக நோய்க்காகப் புரதத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் தங்கள் டாக்டர் சொன்னபடி நடக்க வேண்டும்.

சர்க்கரை உள்ளவர்கள்

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்கார்ந்து, வேளை தவறிச் சாப்பிடும் நம் கூட்டத்தில் அந்த நோய் அரிதாக இருக்க வழியில்லை. காயம் ஆறாமல் போனதால் பரிசோதித்து, அப்போதுதான் தனக்குச் சர்க்கரை இருப்பதைத் தெரிந்து கொள்கிறவர்களும் உண்டு.

இரத்தச் சர்க்கரை 200-ஐத் தாண்டி நின்றால் கிருமியை விழுங்க வேண்டிய வெள்ளணுக்கள் சரியாக வேலை செய்வதில்லை. காயத்தில் கிருமி சேர்ந்தால் சர்க்கரை இன்னும் ஏறும், ஏறினால் கிருமி இன்னும் பெருகும். இந்தச் சுழலில் மாட்டிக் கொண்டவர்களுக்குத்தான் விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலை வருகிறது. காயம் பட்ட நாட்களில் வாரம் இரண்டு முறையாவது சர்க்கரை பார்க்க வேண்டும். சாப்பாடு குறைந்தது என்று மருந்தை நிறுத்துவதும், காயம் ஆறட்டும் என்று தாமாக மாத்திரையைக் கூட்டுவதும் தவறு.

இன்னொரு சங்கடம், சர்க்கரை உள்ளவர்களின் பாதத்தில் உணர்ச்சி மழுங்கியிருக்கும். சீழ் கோத்தாலும் வலி தெரியாது. "வலியே இல்லை, நன்றாக ஆறுகிறது" என்று அவர்கள் நம்பிக் கொண்டிருப்பார்கள். வலியை அளவாகக் கொள்ளாமல் தினமும் வெளிச்சத்தில் கண்ணால் பார்க்க வேண்டும். உள்ளங்காலில் காயம் என்றால் வீட்டார் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். எடைக்கல் விழுந்து நசுங்கிய கால்விரலைச் சின்னக் காயம் என்று ஒதுக்குவது சர்க்கரை உள்ளவருக்கு ஆகாது.

எப்போது உடனே போக வேண்டும்?

முதல் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் வீக்கம், தையலை ஒட்டி ஒரு நூல் அகலத்துக்குச் சிவப்பு, தண்ணீர் போன்ற கசிவு இவையெல்லாம் இயற்கை. ஆறும்போது அரிக்கும், சொறியக் கூடாது.

கணக்கு எளிது. நாளுக்கு நாள் வலி குறைய வேண்டும். மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி ஏறினால் ஏதோ கோளாறு. சிவப்பு பரவுகிறதா என்ற சந்தேகம் இருந்தால் சிவந்த இடத்தின் ஓரத்தைப் பேனாவால் வட்டம் போட்டு வையுங்கள். சில மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினால் கடையை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். மஞ்சளாகவோ பச்சையாகவோ சீழ், கெட்ட வாடை, குளிர் காய்ச்சல், அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டுதல், காயத்திலிருந்து கைமேல் ஏறும் சிவப்புக் கோடு, தையல் விட்டு வாய் திறத்தல் ஆகிய எதுவும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாதவை.

கை விரலுக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. விரல் முழுவதும் வீங்கி, லேசாக மடங்கிய நிலையிலேயே நின்று, நேராக நீட்ட முயன்றால் உயிர் போகிற வலி எடுத்தால், தசைநாணைச் சுற்றியுள்ள உறைக்குள் சீழ் பிடித்திருக்கலாம். ஒரு நாள் தாமதித்தாலும் அந்த விரல் நிரந்தரமாக விறைத்துவிடக் கூடும். தையல் போட்ட பிறகு விரல் நுனியில் மரத்த உணர்ச்சி நீடித்தாலோ, விரலை மடக்கவோ நீட்டவோ முடியாமல் இருந்தாலோ நரம்போ தசைநாணோ அறுபட்டிருக்கலாம். தோல் ஆறிய பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று விட்டால் அதைச் சேர்த்துத் தைக்கும் காலம் கடந்துவிடும்.

தையல் பிரித்தலும் அதன் பிறகும்

தீபாவளி வியாபாரம் முடியட்டும், ஆடிக் கழிவு முடியட்டும் என்று பிரிக்கும் நாளைத் தள்ளிப் போடுவது சகஜமாக நடக்கிறது. நாள் கடந்த தையல் தோலில் புதைந்து ஏணிப்படி போலத் தழும்பு விடும், நூல் துளை வழியே கிருமியும் இறங்கும். வேறு சிலர் சவர பிளேடால் தாங்களே அறுத்து இழுத்துவிடுகிறார்கள். வெளியே அழுக்கேறிக் கிடந்த நூல் பகுதி உள்ளே இழுபட்டு வெளியேறும்படி தப்பான இடத்தில் வெட்டினால், அந்த அழுக்கு முழுவதையும் நாமே தோலுக்குள் கொண்டு போகிறோம். தெரிந்தவர் கையால் ஐந்து நிமிட வேலை அது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்வார்கள்.

பிரித்த பிறகு முன்பு சொன்ன பலக் கணக்கை மறக்க வேண்டாம். முதல் மூன்று வாரம் காயம்பட்ட கையால் சிப்பம் தூக்காதீர்கள். பிறகு ஒரு கிலோ, ஐந்து கிலோ என்று பொட்டலங்களில் தொடங்கி, ஆறு வாரத்துக்கு மேல் படிப்படியாகக் கூட்டலாம். விரல் கணுவில் காயம் பட்டவர்கள் டாக்டர் அனுமதித்ததும் மெதுவாக மடக்கி நீட்டிப் பழக வேண்டும், இல்லாவிட்டால் தழும்பு இறுகிவிடும். தழும்பு சில மாதம் சிவந்து தடித்திருந்து ஓராண்டுக்குள் மெல்ல வெளுக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் முதலாளிக்கு மட்டும் உரியதல்ல. நம் கடையில் அதிகமாக வெட்டுப்படுகிறவர்கள் சரக்கு இறக்குகிற, பொட்டலம் போடுகிற பணியாளர்கள்தான். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் கட்டை மறைத்துக் கொண்டு மூட்டை தூக்குகிற பையன்கள் எத்தனையோ பேர். தையல் போட்டவரை இரண்டு நாள் சம்பளத்தோடு வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். பிறகு உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பில் எழுத, போனில் ஆர்டர் எடுக்க, இருப்புக் கணக்குப் பார்க்க வைக்கலாம். கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தமே வந்திருக்கிறது. காலில் தையல் போட்டவருக்கு அந்த நாற்காலியோடு, காலைத் தூக்கி வைக்க ஒரு ஸ்டூலும் கொடுங்கள். தையல் பிரிக்கும் தேதியைக் கடைக் காலண்டரில் நீங்களே குறித்து வைத்து, அன்று காலை வேலை நேரத்திலேயே அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வையுங்கள்.